பரண் இல்லாத வீட்டுக்குக் குடிபோதல்: ஏழு வாரத்தில் பொருளும் கோப்பும் குறைத்த ஒரு குடும்பத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென்சென்னையில் 920 சதுர அடி வாடகை வீடு. கணவர், மனைவி, பிளஸ் டூ படிக்கும் மகன், கணவரின் தாயார் (74 வயது) என நால்வர். பதினோரு ஆண்டுகளாக அதே வீட்டில் இருந்தவர்களை 2024 ஜூன் கடைசியில் வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். பேசி முடித்த புது வீடு அடுக்குமாடியில் 780 சதுர அடி. பரப்பு குறைந்ததைக்கூடச் சமாளித்துவிடலாம். அந்த வீட்டில் பரண் கிடையாது என்பதுதான் சிக்கல். பழைய வீட்டில் மூன்று பரண்கள், மூன்றும் நிறைந்திருந்தன.

ஆடியில் வீடு மாறக்கூடாது என்று தாயார் சொல்லிவிட்டதால், ஆவணி முதல் வாரத்துக்கு நாள் குறித்தார்கள். ஜூலை 1 முதல் கணக்கிட்டால் ஏழு வாரம். ஆடி மாதம் குறுக்கே வந்தது நல்லதாகப் போயிற்று. இல்லையென்றால் ஒரே வாரத்தில் அத்தனையையும் மூட்டை கட்டி, பிரிக்காமலே புது வீட்டில் அடுக்கியிருப்பார்கள். பதினோரு ஆண்டுக்கு முன் அதைத்தான் செய்திருந்தார்கள்.

அதே ஜூனில் இன்னொரு தொல்லை. மகனின் பள்ளியிலிருந்து கணவரின் ஜிமெயிலுக்கு வந்த கட்டண அறிவிப்பு அனுப்பியவர்களிடமே திரும்பிப் போனது. பள்ளி அலுவலகம் தொலைபேசியில் கூப்பிட்ட பிறகுதான் அது தெரிந்தது. கூகுள் கணக்கின் இலவச இடம் 15 ஜிபி, ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் பொது. அது நிரம்பினால் மின்னஞ்சல் போகாது, வராது.

முன்பு செய்த இரண்டு முயற்சிகளும் ஏன் பலிக்கவில்லை

அந்த ஆண்டு போகிக்கு முதல் நாள் ஒரு முயற்சி நடந்தது. பரணில் இருந்ததையெல்லாம் கூடத்தில் இறக்கினார்கள். எதைக் கழிப்பது என்று மூன்று பேருக்கு மூன்று கருத்து. இருட்டுவதற்குள் கூடத்தில் நடக்க வழி வேண்டும் என்பதால் எல்லாம் திரும்ப மேலே ஏறியது. ஒரு மூட்டைத் துணி மட்டும் வெளியே போனது. இறக்குவதற்கு அரை மணி நேரம் போதும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முடிவு எடுப்பதற்குத்தான் நாள் பிடிக்கும். அந்த நேரத்தை ஒதுக்காமல் இறக்கினால் முடிவு இப்படித்தான் இருக்கும்.

இரண்டாவது முயற்சி ஜூனில். மின்னஞ்சல் நின்றதும் கணவர் இரண்டு இரவு உட்கார்ந்து கூகுள் போட்டோஸில் 2018, 2019ஆம் ஆண்டுப் படங்களை நூற்றுக்கணக்கில் அழித்தார். இடம் கொஞ்சமும் கூடவில்லை. காரணம் எளியது. 2021 ஜூன் 1க்கு முன் ‘உயர் தரம்’ என்ற அமைப்பில் ஏற்றிய படங்கள் அந்த 15 ஜிபி கணக்கில் சேர்வதே இல்லை. பழையதைத்தானே முதலில் கழிக்க வேண்டும் என்று நினைத்து, ஒரு பைசா வாடகை கேட்காத படங்களை அழித்திருக்கிறார். கூகுள் போட்டோஸின் குப்பைத்தொட்டி, நகல் (பேக்கப்) ஏறிய படங்களை 60 நாள் வைத்திருக்கும். கெடு தாண்டாததால் அத்தனையும் மீண்டன.

முதல் வாரம்: எண்ணிக்கை

எதையும் தொடாமல் எண்ணுவது மட்டுமே முதல் வார வேலை. ஒவ்வொரு அலமாரியையும் திறந்து கைப்பேசியில் ஒரு படம், ஒரு நோட்டில் எண்ணிக்கை. இரண்டு நாளில் முடிந்தது.

பரண்களில் 31 பெட்டிகள். அவற்றில் 19 பெட்டிகளில் முந்தைய வீட்டில் ஒட்டிய டேப் பிரிபடாமல் இருந்தது. டிவி, மிக்சி, குக்கர் ஆகியவை வந்த காலி அட்டைப்பெட்டிகள் 14. பழைய படக்குழாய் டிவி ஒன்று. 2011இல் அரசு விலையில்லாத் திட்டத்தில் வந்த மிக்சியும் கிரைண்டரும் பெட்டி பிரிக்காமல். சமையலறையில் நால்வருக்கு 94 எவர்சில்வர் டம்ளர்கள். உணவகப் பார்சலில் வந்த பிளாஸ்டிக் டப்பாக்கள் 58, மூடிகள் 37, இவற்றில் பொருந்திய சோடி 31. துணிப்பைகள் 76. கல்யாணத் தாம்பூலப் பைகளும், 2019இல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்த பிறகு கடை கடையாய் வாங்கியவையும் சேர்ந்து இந்தக் கணக்கு. குப்பையைக் குறைக்க வந்த மஞ்சப்பையே குப்பையாகிவிடும் வீடுகள் நிறைய உண்டு. மனைவியின் புடவைகள் 112, தாயாருடையவை 64. காகிதம் மூன்று சூட்கேஸ். பழைய கைப்பேசிகள் 5, அவற்றில் ஒன்றின் பேட்டரி உப்பி, பின்மூடி தூக்கி நின்றது.

மின்னணுப் பக்கம் கணவரின் 128 ஜிபி கைப்பேசியில் மிச்சம் 3 ஜிபி. வாட்ஸ்அப் மட்டும் 46 ஜிபி. கூகுளின் 15 ஜிபியில் போட்டோஸ் 7.9, வாட்ஸ்அப் நகல் 3.8, ஜிமெயில் 2.7, டிரைவ் 0.6. இது தவிர 2013இல் வாங்கிய 1 டிபி வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று, 640 ஜிபி நிறைந்து, இயங்கும்போது டிக் டிக் என்ற ஓசையுடன்.

போட்டோஸில் இருந்த 7.9 ஜிபியைத் திறந்து பார்த்தபோது பெரும்பகுதி குடும்பப் படமே அல்ல. கைப்பேசியின் எந்தெந்தக் கோப்புறைகளை நகலெடுக்கலாம் என்ற அமைப்பில் ‘வாட்ஸ்அப் இமேஜஸ்’ இயக்கத்தில் இருந்தது. யாரோ அனுப்பிய காலை வணக்கப் பூக்கள், வெள்ளிக்கிழமை அம்மன் படங்கள், தேர்தல் நேரத்து ஃபார்வர்டுகள் எல்லாம் மூன்றாண்டாக அங்கே ஏறிக்கொண்டிருந்தன.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல் முடிவு, புதிதாக உள்ளே வருவதை நிறுத்துவது. ஏழு வாரத்துக்கு உணவு, மருந்து தவிர எதுவும் வாங்குவதில்லை. ஆடித் தள்ளுபடி நடக்கும் மாதத்தில் இதைச் சொல்வது சுலபமல்ல. ஒரு புடவை விஷயத்தில் மீறலும் நடந்தது. ஆனாலும் இதைச் செய்யாமல் கழிக்கத் தொடங்கினால் ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பதுபோல. கைப்பேசியிலும் இதே வரிசைதான். வாட்ஸ்அப் அமைப்புகளில் மீடியா தானாக இறங்குவதை மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் மூன்றிலும் நிறுத்தினார்கள். ‘மீடியா கேலரியில் தெரிவது’ என்பதை அணைத்தார்கள். போட்டோஸில் வாட்ஸ்அப் கோப்புறை நகலை நிறுத்தினார்கள். பத்து நிமிட வேலை. விளம்பரக் குறுஞ்செய்திகளுக்கு 1909ஐ அழைத்துத் தடை பதிவு செய்தார்கள். வங்கி ஓடிபி போன்றவை இதனால் நிற்பதில்லை.

அடுத்தது, ஒரு பொருள் யாருடையதோ அவர்தான் அதைப் பற்றி முடிவு செய்வார் என்பது. இது தொடக்கத்தில் எழுதப்படவில்லை. மூன்றாம் வாரம் தகராறு வந்த பிறகு எழுதினார்கள். அது கீழே.

மூன்றாவது, ஒவ்வொரு குவியலுக்கும் அது போகும் இடமும் நாளும் தாளில் எழுதி ஒட்டுவது. ‘யாருக்காவது கொடுக்கலாம்’ என்று எழுத அனுமதியில்லை. அப்படி ஒதுக்கிய மூட்டை கதவோரத்தில் ஆறு மாதம் உட்கார்ந்திருக்கும், பிறகு திரும்ப அலமாரிக்கே போகும்.

வரிசை: வெறும் குப்பை, இரட்டிப்புகள், சமையலறை, துணி, காகிதம், கடைசியாக நினைவுப் பொருள்கள். ஆல்பத்தைத் திறந்தால் அன்றைய வேலை அத்தோடு முடிந்தது. எளிதானவற்றில் முடிவெடுத்துக் கை பழகிய பிறகுதான் அதைத் தொட வேண்டும். முடிவு வராதவற்றுக்குச் ‘சந்தேகப் பெட்டி’. மேலே தேதி, 90 நாள் கெடு.

இரண்டாம், மூன்றாம் வாரம்: சமையலறையும் பேர் வெட்டிய டம்ளரும்

அட்டைப்பெட்டிகளும் சோடியில்லாத டப்பாக்களும் ஒரே மாலையில் போயின. வாரண்டி இருக்கும் பொருளின் பெட்டியை மட்டும் வைக்கலாம் என்று பார்த்தால் 14இல் இரண்டு தேறின. அவற்றையும் மடித்துத் தட்டையாக்கிக் கட்டிலுக்கடியில் வைத்தார்கள்.

டம்ளர்களில் மனைவி 60ஐ எடைக்குப் போட்டு ஒரு பெரிய குக்கர் மாற்றிக்கொள்ளலாம் என்று சாக்கில் கட்டிவிட்டார். எவர்சில்வரைக் கடையில் பழைய எடைக்குத்தான் எடுப்பார்கள், புதுவிலையில் சிறு பகுதியே கிடைக்கும் என்பது தெரிந்துதான் கட்டினார். சாக்கு வாசலைத் தாண்டும்போது தாயார் உள்ளே கையை விட்டு ஒரு டம்ளரை எடுத்தார். அதில் தாயாரின் மறைந்த கணவர் பெயரும் கல்யாணத் தேதியும் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. “பேர் வெட்டின பாத்திரத்தை எடைக்குப் போடறதாடா?” என்று தன் மகனிடம் கேட்டார். மருமகளிடம் கேட்கவில்லை. நான்கு நாள் வேலை நின்றது.

அந்தச் சாக்கில் பேர் வெட்டியவை மொத்தம் ஒன்பதுதான். கழிப்பதில் அவருக்கு மறுப்பில்லை, தன்னைக் கேட்காததுதான் குறை. பிறகு அவரே உட்கார்ந்து எல்லா டம்ளர்களையும் பிரித்து 66ஐ வெளியே அனுப்பினார். மனைவி கட்டியதைவிட ஆறு அதிகம். மீதி 28இல் பேர் வெட்டிய ஒன்பதும் அன்றாடப் புழக்கத்துக்கு வந்தன, பரணுக்குப் போகவில்லை. சொந்தக்காரர் முடிவு செய்யும் விதி அன்றுதான் குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்டப்பட்டது. மகனின் பள்ளிப் புத்தகங்களுக்கும் அதுவே பொருந்தியது.

நான்காம் வாரம்: துணி

புடவையை எண்ணிக்கையால் குறைக்க முயன்றால் சண்டைதான் மிஞ்சும். ரகமாகப் பிரித்தபோது வேலை நடந்தது. பட்டு, தினப்புழக்கம், வெளியே கட்டுவது, கட்டவே கட்டாதது. கடைசி ரகம் மனைவியிடம் 37, அவற்றில் பெரும்பாலானவை விசேஷங்களில் வைத்துக் கொடுத்தவை. மடிப்புக் கலையாத 22ஐ அவரே உறவில் திரும்ப வைத்துக் கொடுக்க எடுத்து வைத்தார். சுற்றில் இருக்கும் புடவை சுற்றிக்கொண்டே இருக்கட்டும். கொடுத்தவரிடமே போய்ச் சேராதபடி ஒரு துண்டுச் சீட்டில் கொடுத்தவர் பெயரை எழுதிச் செருகியது மட்டும் கூடுதல் எச்சரிக்கை.

மடிப்பில் இற்றுப்போன இரண்டு பட்டுப் புடவைகளை ஜரிகைக்காக விற்றார்கள். அசல் ஜரிகையில் நடுவே பட்டு நூல், அதன்மேல் வெள்ளி, அதன்மேல் தங்கப் பூச்சு. சுரண்டிப் பார்த்தால் செம்பு தெரிவது அசல் அல்ல, அதற்குக் கடையில் விலையில்லை. ஒன்றுக்குத்தான் பணம் கிடைத்தது. வைத்துக்கொண்ட பட்டுகளை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, மடிப்பை மாற்றி மடித்து வைத்தார்கள். ஒரே மடிப்பில் வருடக்கணக்காகக் கிடந்தால் ஜரிகை அங்கேயே முறியும். நாப்தலீன் உருண்டை ஜரிகையில் நேராகப் படக்கூடாது.

இலவம்பஞ்சு மெத்தைகள் இரண்டையும் கழிக்க நினைத்தார்கள். பஞ்சு அடிப்பவரைக் கூப்பிட்டு இரண்டையும் உதறி ஒன்றாக்கி, மிஞ்சியதில் நான்கு தலையணை போட்டாயிற்று.

ஐந்தாம் வாரம்: காகிதம்

அலமாரித் தட்டுகளில் விரித்த செய்தித்தாளை எடைக்கு எடுத்தபோது ஒரு தட்டின் தாளுக்கடியில் தாயாரின் ஆயுள் காப்பீட்டுப் பத்திரம் இருந்தது. தற்செயலாகக் கண்ணில் பட்டது. இந்தப் பழக்கம் பல வீடுகளில் உண்டு. தட்டுத்தாளின் அடியிலும், புடவை மடிப்பிலும், அரிசி டின்னிலும் பணமும் பத்திரமும் இருக்கும். அன்று முதல் ஒவ்வொரு தாளையும் தனித்தனியாக எடுத்து, ஒவ்வொரு மடிப்பையும் உதறிய பிறகே வெளியே விட்டார்கள். தாயாரின் பட்டு மடிப்புகளில் செல்லாத பழைய 500, 1000 ரூபாய்த் தாள்கள் ஏழு கிடைத்தன. பத்துத் தாள் வரை வைத்திருப்பதைச் சட்டம் குற்றமாகப் பார்ப்பதில்லை. அவர் அவற்றைத் திரும்ப மடித்து வைத்துக்கொண்டார்.

மூன்று சூட்கேஸ் காகிதம் ஒரே கோப்புப்பெட்டிக்கு வந்தது. வைத்தவை: ஊரில் உள்ள மனையின் பதிவுப் பத்திரம், மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, பிறப்பு இறப்புச் சான்றுகள், மதிப்பெண் பட்டியல்கள், நடப்புக் காப்பீடுகள், நகை ரசீதுகள், வருமான வரிக் காகிதங்களில் கடைசி எட்டு ஆண்டு. மனை வாங்கிய செலவுக் காகிதங்களுக்கு வயது வரம்பு வைக்கவில்லை. என்றோ விற்கும்போது மூலதன ஆதாயக் கணக்குக்கு அவை தேவைப்படும். போனவை: மூடிய கணக்குகளின் பாஸ்புக், இல்லாத பொருள்களின் பில், ஓராண்டுக்கு முந்தைய மின்கட்டண ரசீது. கணக்கு எண், கையெழுத்து உள்ள தாள்களைக் கிழித்து வாளித் தண்ணீரில் ஓரிரவு ஊறவைத்துக் கூழாக்கினார்கள். எடைக்காரரிடம் முழுத்தாளாகக் கொடுக்கவில்லை.

உறவுப் பெண்ணின் 2016ஆம் ஆண்டுப் பிளஸ் டூ வழிகாட்டிகளை நூலகத்துக்குக் கொடுக்கலாம் என்று தாயார் சொன்னார். 2019இலிருந்து பிளஸ் டூ பாடத்திட்டமே மாறிவிட்டதால் அவை எவருக்கும் பயன்படாது. தானம் என்ற பெயரில் குப்பையை இடம் மாற்ற வேண்டாம் என்று எடைக்குப் போட்டார்கள்.

ஆறாம் வாரம்: கோப்புகள், ஓர் இழப்பு

ஹார்ட் டிஸ்கில்தான் தொடங்கினார்கள். டிக் ஓசை வரும் டிஸ்கில் வரிசைப்படுத்தவோ அழிக்கவோ கூடாது. முதலில் முழுவதையும் புது டிஸ்குக்கு நகலெடுக்க வேண்டும். இந்தக் குடும்பம் வாங்கியே ஆக வேண்டியிருந்த ஒரே பொருள் அதுதான். முதல் இரவு யுஎஸ்பி 2 துளையில் செருகிவிட்டார்கள். நொடிக்கு 30 எம்பி வேகம் கிடைத்தாலும் 640 ஜிபிக்கு ஆறு மணி நேரம், நடுவே படிக்க முடியாத கோப்புகளில் தடுமாறி மறுநாள் காலை வரை இழுத்தது. நகல் வந்த பிறகு, பெயரால் அல்லாமல் உள்ளடக்கத்தால் ஒப்பிடும் மென்பொருளைக் கொண்டு இரட்டிப்புகளைத் தேடினார்கள். ஒரே கல்யாண ஆல்பம் நான்கு இடத்தில் இருந்தது. 640 ஜிபி 215 ஆனது. அதில் இன்னொரு நகல் கணவரின் தங்கை வீட்டுக்குப் போனது. பென்டிரைவில் வைக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் செருகாமல் கிடந்தால் அதை நம்ப முடியாது.

கூகுளில் சனிக்கிழமை வேலை செய்தார்கள். வாட்ஸ்அப் கோப்புறையிலிருந்து ஏறிய படங்களைத் தேர்ந்து அழித்தார்கள். ஜிமெயிலின் விரிவான தேடலில் அளவு 10 எம்பிக்கு மேல் என்று கொடுத்து வந்தவற்றைப் பார்த்து அழித்தார்கள். இரண்டின் குப்பைத்தொட்டியையும் காலி செய்தார்கள். தொட்டி காலியாகாமல் இடம் திரும்பாது. இரவுக்குள் 15 ஜிபி 8.4க்கு வந்தது, மின்னஞ்சல் மறுபடி ஓடியது.

ஞாயிறு மாலை கைப்பேசியில் வாட்ஸ்அப். மிகப் பெரியது குடும்பக் குழு, 9 ஜிபி. கணவர் அந்தக் குழுவில் ‘அரட்டையை வெறுமையாக்கு’ என்பதை அழுத்தி, மீடியாவும் போகட்டும் என்று தேர்ந்தெடுத்தார். புதன்கிழமைதான் நினைவு வந்தது: 2021இல் மறைந்த தந்தை அந்தக் குழுவில் அனுப்பிய குரல் செய்திகள் எல்லாம் அதில் இருந்தன.

இங்கே நடந்தது சங்கிலியாக நடந்தது. கூகுள் நிரம்பியிருந்ததால் வாட்ஸ்அப்பின் இரவு நகல் மே மாதத்தோடு நின்றிருந்தது. ஆண்ட்ராய்டில் அந்த நகல் 2024 முதல் கூகுளின் 15 ஜிபி கணக்கிலேயே சேர்கிறது. நின்றுபோன மே நகலில் குரல்கள் இருந்தன. சனிக்கிழமை இடம் திறந்தது, ஞாயிறு குழு காலியானது, திங்கள் விடிகாலை நகல் தானாக ஓடிப் பழையதன்மேல் எழுதிவிட்டது. கூகுளில் வாட்ஸ்அப் கடைசி நகல் ஒன்றைத்தான் வைத்திருக்கும். கைப்பேசிக்குள் சில நாள் நகல் இருக்கும், ஆனால் அதில் எழுத்துதான், குரலோ படமோ கிடையாது. வாட்ஸ்அப்பில் கூகுள் போட்டோஸ் போல 60 நாள் தொட்டியும் இல்லை.

தங்கையின் கைப்பேசியில் பதினொன்று கிடைத்தன. மொத்தம் எத்தனை இருந்தன என்று யாருக்கும் எண்ணிக்கை இல்லை. முதல் வாரத்தில் டம்ளரை எண்ணியவர்கள் இதை எண்ணவில்லை.

ஏழாம் வாரம்: வெளியே அனுப்பியதும் குடிபோனதும்

டிவி, நான்கு கைப்பேசி, மடிக்கணினி, 27 வயர்களில் பொருந்தாத 19 எல்லாம் அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் போயின. காயலான் கடையில் காசு கூடக் கிடைக்கும். ஆனால் அங்கே படக்குழாயை உடைத்துச் செம்பை எடுப்பார்கள், அந்தக் கண்ணாடியில் ஈயம் உண்டு. கைப்பேசிகளில் கணக்கிலிருந்து வெளியேறி, ஃபேக்டரி ரீசெட் செய்து, சிம்மும் மெமரி கார்டும் எடுத்தார்கள். உப்பிய பேட்டரி உள்ளதைத் திறக்கவோ சார்ஜ் போடவோ இல்லை. உலர்ந்த மணல் போட்ட தகர டின்னில் பால்கனியில் வைத்துத் தனியாகக் கையில் கொடுத்தார்கள். காலாவதி மருந்துகள் குப்பைக் கூடைக்குப் போகவில்லை, வீட்டு அபாயக் கழிவாகப் பிரித்துத் தந்தார்கள். அரசு மிக்சியும் கிரைண்டரும் ஓடின. தெருவில் இட்லிக் கடை தொடங்கிய பெண்மணி கிரைண்டரை வாங்கிக்கொண்டார்.

குடிபெயர்ப்பு நிறுவனத்தார் ஜூலை முதல் வாரம் பார்த்துவிட்டு 17 அடி வண்டி என்றார்கள். ஆகஸ்டில் மறுபடி பார்க்க வைத்தபோது 14 அடி போதும் என்றார்கள். இந்த இரண்டாம் பார்வையைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. கேட்காமல் விட்டிருந்தால் பெரிய வண்டிக்கே பணம் போயிருக்கும்.

ஆறு மாதம் கழித்து

2025 பிப்ரவரியில் அதே நோட்டை வைத்து மறுபடி எண்ணினார்கள். டம்ளர் 28, மாற்றமில்லை. துணிப்பை, குடிபோனபோது இருந்த 12இலிருந்து 31. தீபாவளியும் இரண்டு கல்யாணமும் நடுவே வந்துவிட்டன. பார்சல் டப்பா 20. புடவையில் வந்ததும் போனதும் ஏறக்குறைய சமம். கைப்பேசியில் 61 ஜிபி காலி, கூகுளில் பயன்பாடு 5.1 ஜிபி. தானாக இறங்குவதை நிறுத்திய அந்தப் பத்து நிமிட வேலையே இதில் பெரும்பங்கைச் செய்திருக்கிறது என்பது இந்த ஆய்வை எழுதும் எங்கள் கணிப்பு. ஒவ்வொரு ஞாயிறும் கைப்பேசியைச் சுத்தம் செய்வது என்று போட்ட விதி மூன்று வாரம் தாங்கியது.

கொலுப் பெட்டிகள் மட்டும் இடம் கிடைக்காமல் இன்னும் படுக்கையறையில் கட்டிலுக்கடியில் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை பயன்படுவதைக் கழிக்கச் சொல்லும் விதிகளை இந்தக் குடும்பம் ஏற்கவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை.

மாற்றிச் செய்யக்கூடியவை

எண்ணும் வாரத்திலேயே நால்வரிடமும் தனித்தனியாக, ‘எது தொலைந்தால் தாங்காது’ என்று கேட்டு எழுதியிருக்க வேண்டும். பேர் வெட்டிய டம்ளரும் தந்தையின் குரலும் அந்தப் பட்டியலில் முதல் இரண்டு வரிகளாக வந்திருக்கும்.

வாட்ஸ்அப்பைத் தொடும் முன் அதன் இரவு நகலை ‘ஒருபோதும் வேண்டாம்’ என்று வைத்து நிறுத்த வேண்டும். ‘வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்’ கோப்புறையை அப்படியே டிஸ்குக்கு நகலெடுத்து, இரண்டு மூன்றைத் திறந்து ஓடவிட்டுக் கேட்க வேண்டும். குழுவை முழுதாக வெறுமையாக்காமல், சேமிப்பகத்தை நிர்வகிக்கும் பக்கத்தில் ‘5 எம்பிக்கு மேல்’, ‘பலமுறை ஃபார்வர்டு ஆனவை’ என்ற இரண்டு பிரிவுகளை மட்டும் அழித்திருந்தால் இடத்தில் பெரும்பகுதி கிடைத்திருக்கும். வெறுமையாக்கியே ஆக வேண்டுமென்றால், வேண்டியவற்றுக்கு நட்சத்திரம் இட்டு, நட்சத்திரமிட்டவை நீங்கலாக என்று தேர்ந்தெடுக்க வழி உண்டு. கூகுளில் இடம் திறக்கும் வேலையை இவை எல்லாவற்றுக்கும் பின்னால் வைக்க வேண்டும்.

சந்தேகப் பெட்டிகள் ஆறு. 90 நாளில் இரண்டைத் திறந்தார்கள். கெடு முடிந்ததும் மூன்று அப்படியே வெளியே போயின. ஆறாவதில் தந்தையின் மூக்குக்கண்ணாடிகளும் ஒரு டிரான்சிஸ்டரும் இருக்கின்றன. அதன் தேதியைத் தாயார் அடித்துவிட்டு அடுத்த ஆண்டைப் போட்டிருக்கிறார்.